பரதநாட்டியத்திற்கான தரைப் பயிற்சிகள்

பரதநாட்டியத்திற்கான தரைப் பயிற்சிகள் என்பவை, நடனம் பயில்வோர் தரையில் படுத்தும், அமர்ந்தும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியும் செய்யும் உடல் வலுப் பயிற்சிகள் ஆகும். இடுப்பு மூட்டு, அடிவயிறு, முதுகு, பாதம் ஆகிய பகுதிகளின் தசைகளை வலுப்படுத்துவதும், கைகால்கள் வேகமாக இயங்கும்போது உடலின் நடுப்பகுதி ஆடாமல் நிலைத்திருக்கப் பழக்குவதும் இவற்றின் நோக்கங்கள் ஆகும். மேற்கத்திய பாலே நடனத்தில் இத்தகைய பயிற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனி முறையாக வளர்ந்தன. இந்திய ஆடல் மரபிலும் தரையில் உடலைப் பதப்படுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. அடவுப் பயிற்சிக்கு இவை மாற்று ஆகா. அடவுகள் கேட்கும் வலுவை முழங்காலுக்கும் முதுகுக்கும் தீங்கின்றிப் பெறுவதற்கான துணைப் பயிற்சிகளாகவே இவை கருதப்படுகின்றன.

அரைமண்டியும் மூட்டுகளும்

பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி ஆகும். குதிகால்கள் அருகருகே இருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால்கள் மடிந்து வெளிநோக்கி விரிந்திருக்க, முதுகு நேராக நிற்கும் நிலை இது. தட்டடவு, நாட்டடவு முதல் தீர்மான அடவு வரை பெரும்பாலானவை இந்நிலையிலிருந்தே ஆடப்படுகின்றன.

அரைமண்டியைப் புரிந்துகொள்ளப் பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் இரண்டு மூட்டு வகைகளை நினைவுகூர்ந்தால் போதும். இடுப்பு மூட்டு ஒரு பந்து கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியிருப்பதால் தொடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைக்கவும், உள்ளும் வெளியும் திருப்பவும் முடிகிறது. முழங்கால் முதன்மையாக ஒரு கீல் மூட்டு. கதவின் கீலைப் போல மடங்குவதும் நீள்வதுமே அதன் வேலை. மடங்கிய நிலையில் சிறிதளவு திரும்ப முடியும் என்றாலும், உடல் எடையைத் தாங்கியபடி முறுக்கப்படுவதற்கு ஏற்ற அமைப்பு அதற்கு இல்லை.

ஆகவே அரைமண்டியில் தெரியும் விரிவு இடுப்பு மூட்டில் பிறக்க வேண்டும். தொடை எலும்பு கிண்ணத்திற்குள் வெளிநோக்கித் திரும்பினால் முழங்காலும் பாதமும் தாமாகவே அத்திசையில் திரும்பும். இடுப்பில் திருப்பம் போதாத மாணவர் பாதங்களை மட்டும் தரையின் பிடிப்பைக் கொண்டு பக்கவாட்டில் வைத்துக்கொள்கிறார். அப்போது குறையும் பாகை அளவை முழங்காலும் கணுக்காலும் ஈடுகட்ட நேரிடுகிறது. முழங்கால் பாதத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகி முன்னோக்கிச் சாய்கிறது. உள்ளங்காலின் வளைவு தரையில் அமிழ்கிறது. இடுப்பு முன்சாய்ந்து கீழ்முதுகு குழிகிறது. பார்வைக்கு அரைமண்டி அமைந்தது போல் தோன்றினாலும், சுமை செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்வதில்லை.

இச்சுமை எத்தனை முறை திரும்பத் திரும்ப ஏற்படுகிறது என்பதைத் தட்டடவின் முதல் வகையைக் கொண்டு கணக்கிடலாம். எட்டு அட்சரங்கள் கொண்ட ஒரு சுற்றில், அட்சரத்திற்கு ஒன்று வீதம் முதல் காலத்தில் 8 தட்டுகள் விழுகின்றன. இரண்டாம் காலத்தில் அது 16 ஆகவும், மூன்றாம் காலத்தில் 32 ஆகவும் பெருகுகிறது. மூன்று காலங்களையும் ஒரே ஒரு சுற்று ஆடினாலே 56 தட்டுகள். ஒரு மணி நேர வகுப்பில் இந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுவது இயல்பு. ஒவ்வொரு தட்டும் வெறும் காலால், பெரும்பாலும் கடினமான தரையில் விழுகிறது. எனவே நடனக் கலைஞர்களிடம் முழங்கால் வலி, கீழ்முதுகு வலி, குதிகால் வலி, கணுக்கால் வலி ஆகியவை அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை.

தரையில் பயில்வதன் பயன்

நின்று ஆடும்போது உடலின் முழு எடையும் கால் மூட்டுகள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. அந்நிலையில் சமநிலையைக் காப்பதற்காக வலுவான பெரிய தசைகள் முந்திக்கொள்கின்றன. இடுப்பு மூட்டின் ஆழத்தில் உள்ள சிறிய திருப்புத் தசைகளைத் தனியே உணர்ந்து இயக்குவது தொடக்க நிலை மாணவருக்குக் கடினம். தரையில் படுத்தவுடன் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவதாக, முழங்கால் எடை தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது. தொடையைத் திருப்பும்போது மூட்டுக்கு முறுக்கம் ஏற்படும் அச்சம் குறைகிறது. இரண்டாவதாக, தரையின் பிடிப்பைக் கொண்டு பாதத்தைத் திருப்பி வைத்து ஏமாற்றும் வழி அடைபடுகிறது. படுத்த நிலையில் கால் எவ்வளவு திரும்புகிறதோ, அது பெரும்பாலும் இடுப்பிலிருந்தே வந்தாக வேண்டும். மூன்றாவதாக, தரையே ஒரு கண்ணாடியாகிறது. முதுகு வளைந்தால், இடுப்பின் ஒரு பக்கம் மேலெழுந்தால், தோள் உயர்ந்தால், தரையோடு உள்ள தொடுகை மாறுவதை மாணவரே உடனே உணர முடியும்.

தன் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பதை அறியவும் தரை உதவும். குப்புறப் படுத்து, ஒரு முழங்காலை மடக்கிக் கீழ்க்காலைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இடுப்பைத் தரையிலிருந்து எழுப்பாமல், அந்தப் பாதத்தை மற்றொரு காலின் பக்கமாக மெல்லச் சாயவிட வேண்டும். கீழ்க்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ, அதுவே அந்த இடுப்பு மூட்டின் வெளித்திருப்ப அளவு ஆகும். இரு கால்களுக்கும் அளவு வேறுபடலாம். ஒவ்வொரு பக்கமும் 45 பாகை சாய்ந்தால், நேராக நிற்கும்போது இரு பாதங்களுக்கும் இடையே 90 பாகை விரிவு இடுப்பிலிருந்து கிடைக்கிறது எனக் கொள்ளலாம். அரைமண்டியில் இடுப்பு சற்று மடிந்திருப்பதால் சிலருக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

இவ்வளவில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைந்தது. தொடை எலும்பின் கழுத்து அமைந்துள்ள கோணம், கிண்ணத்தின் ஆழம், அது நோக்கியுள்ள திசை ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பின் அமைப்பைப் பயிற்சி மாற்றாது. இருக்கும் அளவு முழுவதையும் தசை வலுவால் பிடித்து நிறுத்தப் பயிற்சி உதவும். படுக்கையில் 50 பாகை திரும்பும் கால், நிற்கும்போது 35 பாகையில் நின்றுவிட்டால் குறை எலும்பில் இல்லை, தசையில் உள்ளது. அந்த இடைவெளியைக் குறைப்பதே தரைப் பயிற்சியின் முதன்மையான பணி.

வரலாறு

நாட்டிய சாத்திரம்

பொதுவாகக் கி.மு. 200 முதல் கி.பி. 200 வரையிலான காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பரதமுனிவரின் நாட்டிய சாத்திரம், கால் அசைவுகளான சாரிகளை விளக்கும் பகுதியில் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசுகிறது. ஆடுபவர் எண்ணெய் முதலியவற்றைத் தேய்த்துக்கொண்டு பயில வேண்டும் என்றும், தரை பயிற்சிக்குத் தாய் போன்றது ஆதலால் தரையில் உடலைக் கிடத்திப் பயில வேண்டும் என்றும் அதில் கூறப்படுகிறது. உடல் வலுவுக்கான உணவு, உடல் தூய்மை ஆகியவையும் அங்கே இடம்பெறுகின்றன. ஆடலுக்கு வெளியே ஆடலுக்கான உடலைத் தனியே தயார் செய்ய வேண்டும் என்ற கருத்து இறக்குமதியானது அன்று என்பதை இப்பகுதி காட்டுகிறது.

கேரள மரபு

கதகளிப் பயிற்சியில் மழைக்காலத்தில் உழிச்சல் எனப்படும் முறை பின்பற்றப்படுகிறது. மாணவர் எண்ணெய் பூசித் தரையில் படுத்திருக்க, ஆசான் தம் பாதங்களால் அவருடைய உடலை அழுத்தித் தேய்க்கிறார். கதகளியின் அகன்ற, தாழ்ந்த நிலைக்கு இடுப்பைப் பதப்படுத்துவது இதன் நோக்கங்களுள் ஒன்று. வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் 1930-இல் நிறுவிய கேரள கலாமண்டலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. களரிப்பயட்டிலும் இத்தகைய உழிச்சல் உண்டு. களரி நிலம் தரைமட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்டு, மண்ணால் இறுக்கி அமைக்கப்படுவதால், கல்தரையை விட உடலுக்கு இணக்கமானது.

பாலே நடனமும் தரைப் பயிற்சியும்

பாலே நடனக் கலைஞர்கள் சுவரை ஒட்டிய மரக்கழியைப் பிடித்துக்கொண்டு அன்றாடப் பயிற்சியைத் தொடங்குவது வழக்கம். உருசியாவில் பிறந்த பாலே ஆசிரியர் போரிஸ் நியாசெஃப் (1900–1975) அப்பயிற்சிகளைத் தரையில் படுத்துச் செய்யும்படி மாற்றியமைத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் வாடகைக்கு எடுத்த இடத்தில் சுவரில் கழி பொருத்த உரிமையாளர் இசையாததால் இம்முறை உருவானது என்று கூறப்படுகிறது. அமெரிக்காவில் ஜீனா ரொமெட் 1960-களில் நியூயார்க்கில் இதைப் போன்ற ஒரு முறையைக் கற்பித்து வளர்த்தார்.

செர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் (1883–1967) 1926-இல் நியூயார்க்கில் குடியேறி ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். காயமடைந்த நடனக் கலைஞர்கள் பலர் அவரிடம் வந்தனர். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின், நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் ஆகியோர் அவருடைய பயிற்சியை மதித்தவர்கள் ஆவர். 1945-இல் வெளியான நூலில் அவர் தரை விரிப்பில் செய்யத்தக்க 34 பயிற்சிகளை விளக்கினார். இன்று உலகின் பல நடனப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் தரைப் பயிற்சிகள் இவற்றின் வழிவந்தவையே.

தமிழ்நாடு

பாலே நடனத்திற்கும் தமிழ்நாட்டின் ஆடற்கலைக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986) 1920-களின் இறுதியில் உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டின் கலைகளை நாடும்படி பாவ்லோவா ஊக்குவித்த பின்னர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்று 1935-இல் அரங்கேறினார். 1936-இல் கலாசேத்திராவை நிறுவினார்.

சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா (1928–2006) பரதநாட்டியத்தையும் களரிப்பயட்டையும் யோகாசனத்தையும் அருகருகே வைத்து நடன ஆக்கங்களை அமைத்தார். 1985-இல் உருவான 'அங்கிகா' இம்முயற்சியின் முக்கியமான கட்டம் ஆகும். பெங்களூருவில் 1992-இல் தொடங்கப்பட்ட ஆட்டக்களரி நிறுவனத்திலும் களரி முறை உடற்பயிற்சி நடனக் கல்வியோடு இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தேகப்பயிற்சிக் கூடங்களில் வழங்கிவந்த தண்டாலும் பஸ்கியும் இதே தேவைக்கு உதவக்கூடியவை. ஆனால் பெண் குழந்தைகள் பெரும்பான்மையாகப் பயிலும் நடன வகுப்புகளுக்குள் அவை பெரிதும் நுழையவில்லை.

பாலேயிலிருந்து வேறுபடும் இடங்கள்

பாலேயும் பரதநாட்டியமும் இடுப்பிலிருந்து வெளித்திரும்பும் கால்களை அடிப்படையாகக் கொண்டவை என்றாலும், பாலே பயிற்சிகளை அப்படியே எடுத்துக்கொள்வது போதாது. பாலேயில் முழங்கால் மடிப்பு பெரும்பாலும் ஓர் இடைநிலை; கலைஞர் மடிந்து உடனே எழுகிறார் அல்லது தாவுகிறார். பரதநாட்டியத்தில் மடிந்த நிலையே இருப்பு நிலை. நிமிடக்கணக்கில் அதில் நின்றபடி கால் தட்ட வேண்டும். பாலே உடல் மேல்நோக்கி எழ முயல்கிறது. பரத உடல் தாழ்ந்து நின்று தரையைத் தாக்குகிறது. பாலேயில் காலணியும், கீழே விட்டுக்கொடுக்கும் மரத்தளமும் உண்டு. எனவே பரதநாட்டிய மாணவருக்கு அசையாமல் நீண்ட நேரம் தாங்கும் தசைப் பொறுமை, ஒற்றைக் காலில் எடையை மாற்றும்போது இடுப்பு சரியாமை, பாதத்தின் சிறு தசைகளின் வலு ஆகிய மூன்றும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

முதன்மைப் பயிற்சிகள்

கீழ்க்காணும் பயிற்சிகளுக்குப் பாய் அல்லது மடித்த ஜமுக்காளம் போதுமானது. பயிற்சிச் சேலையை விடச் சல்வார் போன்ற தளர்ந்த உடை ஏற்றது.

1. மூச்சும் அடிவயிறும்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்ற வேண்டும். மூச்சை விடும்போது தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியை மென்மையாக உள்ளிழுத்து, அந்த இறுக்கத்தை விடாமல் இயல்பாக மூச்சு விட வேண்டும். இந்நிலையில் தட்டடவின் சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல முடியாவிட்டால் மூச்சு அடக்கப்படுகிறது என்று பொருள். மற்ற எல்லாப் பயிற்சிகளுக்கும் இதுவே தொடக்கம்.

2. மாற்றுக் கை கால் நீட்டல்: மல்லாந்த நிலையில் இரு கைகளையும் மேலே உயர்த்தி, முழங்கால்களை இடுப்புக்கு நேர் மேலே மடக்கி வைக்க வேண்டும். வலக்கையைத் தலைக்குப் பின்னும் இடக்காலை முன்னும் மெல்ல நீட்டி, தரையைத் தொடுவதற்கு முன் திரும்பக் கொண்டுவர வேண்டும். பின்னர் மறுபக்கம். கீழ்முதுகு தரையிலிருந்து வில்லாக எழுந்தால் காலை நீட்டும் தூரத்தைக் குறைக்க வேண்டும். கைகள் விரைந்து வீசும்போதும் உடலின் நடுப்பகுதி நிலைத்திருக்க இது பழக்குகிறது.

3. பாலம்: சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம். மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் படுத்து, பிட்டத் தசைகளை இறுக்கி இடுப்பை மேலெழுப்பி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்க வேண்டும். பழகிய பின் ஒரு காலைத் தரையிலிருந்து சிறிது உயர்த்திச் செய்யலாம். அப்போது இடுப்பின் ஒரு பக்கம் தாழக் கூடாது. தட்டும் காலை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் நிற்கும் கால் செய்ய வேண்டிய வேலை இதுவே.

4. சிப்பி: ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்து வைக்க வேண்டும். குதிகால்கள் பிரியாமல் மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போல் உயர்த்தி இறக்க வேண்டும். இடுப்பு பின்னோக்கிச் சாயக் கூடாது. சாய்ந்தால் முழங்கால் உயரமாகத் தெரியும், வேலை நடந்திருக்காது. தொடையை வெளிநோக்கித் திருப்பும் தசைகளுக்கு இது நேரடியான பயிற்சி ஆகும்.

5. படுத்த அரைமண்டி: சுவரை நோக்கி மல்லாந்து படுத்து, இடுப்பும் முழங்காலும் மடிந்த நிலையில் பாதங்களைச் சுவரில் வைக்க வேண்டும். குதிகால்களை அருகருகே வைத்து, தொடைகளை இடுப்பிலிருந்து வெளிநோக்கித் திருப்ப வேண்டும். பாதங்கள் முழங்கால்கள் நோக்கும் திசையையே நோக்க வேண்டும். அதற்கு மேல் திருப்பக் கூடாது. குதிகால்களால் சுவரை ஐந்து முதல் பத்து நொடிகள் அழுத்தித் தளர்த்த வேண்டும். இதுவே அரைமண்டி; எடை மட்டும் இல்லை. இங்கே கிடைக்கும் விரிவுதான் மாணவரின் உண்மையான விரிவு என்பதால், நின்று ஆடும்போதும் இதே அளவைக் கொள்வது நல்லது.

6. குப்புறக் கால் தூக்கல்: சலபாசனத்தை ஒத்தது. குப்புறப் படுத்து நெற்றியைக் கைகளின் மேல் வைத்து, ஒரு காலை வெளிநோக்கித் திருப்பிய நிலையில் சிறிதளவு உயர்த்தி இறக்க வேண்டும். இடுப்பெலும்பின் இரு முனைகளும் தரையை விட்டு எழாத உயரமே சரியான உயரம்.

7. நான்கு ஊன்று நிலை: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி நிறுத்த வேண்டும். முதுகின் மேல் தண்ணீர்க் குவளை வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டால் உடல் சாய்வது தெரியும்.

8. பலகை நிலை: முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை நேராக நிறுத்தல். தண்டாலின் தொடக்க நிலைக்கு நெருங்கிய உறவுடையது. இடுப்பு தொய்யத் தொடங்கிய நொடியில் நிறுத்திவிட வேண்டும். ஒருக்களித்து ஒரு முன்கையில் நிற்கும் பக்கப் பலகை நிலை, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு உதவும்.

9. பாத வளைவு: அமர்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, விரல்களைச் சுருட்டாமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுப்பது போல் உள்ளங்கால் வளைவை உயர்த்த வேண்டும். பெருவிரலை மட்டும் உயர்த்துதல், மற்ற நான்கு விரல்களை மட்டும் உயர்த்துதல் ஆகியவையும் உதவும். முதலில் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. சில வாரங்களில் பழகும்.

அளவும் வரிசையும்

வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள் தொடக்கத்திற்குப் போதுமானவை. இயக்கப் பயிற்சிகளை 8 முதல் 12 முறை வரை, இரண்டு சுற்றுகளாகச் செய்யலாம். நிறுத்தும் பயிற்சிகளை 10 நொடிகளில் தொடங்கி 30 நொடிகள் வரை உயர்த்தலாம். முதலில் எண்ணிக்கையும், பிறகு நிறுத்தும் நேரமும், கடைசியாகக் கடினமான வடிவமும் கூட்டப்பட வேண்டும். நடன வகுப்பிற்குச் சற்று முன்னர் தசைகள் களைக்கும் வரை இவற்றைச் செய்யக் கூடாது. களைத்த தசை மூட்டைக் காக்காது. வகுப்பிற்கு முன் இரண்டு மூன்று பயிற்சிகளை இலேசாகச் செய்து உடலைச் சூடாக்கலாம். நெடுநேரம் நிறுத்தி நீட்டும் பயிற்சிகளை வகுப்பு முடிந்த பின் வைத்துக்கொள்வது நல்லது.

தரையில் பெற்ற வலு தானாக ஆட்டத்தில் தோன்றிவிடுவதில்லை. ஒவ்வொரு அமர்வின் இறுதியிலும் எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து அரைமண்டியில் நிற்றல், பிறகு சுவரை விட்டு நிற்றல், பிறகு முதல் காலத்தில் மட்டும் தட்டுதல் என்ற வரிசையில் அவ்வலுவை நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முழங்கால் சில்லு, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக உள்ளதா என்பதே எல்லாப் படிகளிலும் பார்க்க வேண்டிய ஒரே அடையாளம்.

வயதுக்கேற்ற மாற்றங்கள்

ஐந்து முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இவை விளையாட்டாக அமைய வேண்டும். பாலம், நான்கு ஊன்று நிலை, விரல் விளையாட்டு ஆகியவை போதும். பதின்ம வயதின் தொடக்கத்தில் எலும்புகள் விரைந்து நீள்கின்றன, தசைகள் பின்தங்குகின்றன. அக்காலத்தில் முன்பு எளிதாக அமைந்த அரைமண்டி திடீரெனக் கெடுவது இயற்கை. அதைச் சோம்பல் எனக் கருதித் தண்டித்தல் தவறு. அந்த மாதங்களில் குதிக்கும் அடவுகளையும் முழுமண்டி அடவுகளையும் குறைத்து, தரைப் பயிற்சியைக் கூட்டுவது நல்ல பலன் தரும்.

அரங்கேற்றத்திற்கு முந்தைய மாதங்களில் பயிற்சி நேரம் பன்மடங்காகிறது. பள்ளித் தேர்வும் அதே காலத்தில் வருவதுண்டு. உணவும் உறக்கமும் குறைந்தால் எந்தப் பயிற்சியும் வலுவாக மாறாது. உடல் மெலிய வேண்டும் என்பதற்காக உணவைக் குறைக்கும் மாணவியரிடம் எலும்பு வலுவிழக்கும் ஆபத்து உண்டு. மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுபோனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

குழந்தையைத் தவளை போல் குப்புறப் படுக்கவைத்து இடுப்பின் மேல் ஏறி நிற்பது, அரைமண்டியில் இருக்கும்போது தோளை அழுத்துவது, முழங்கால்களைக் கையால் பின்னுக்குத் தள்ளுவது ஆகியவை சில இடங்களில் இன்றும் காணப்படுகின்றன. கேரள உழிச்சலை இதற்குச் சான்று காட்டுவோர் உண்டு. உழிச்சல் நீண்ட பயிற்சி பெற்ற ஆசானால், எண்ணெய் இட்டு, பல வாரங்கள் படிப்படியாகச் செய்யப்படுவது. அதன் ஒரு தோற்றத்தை மட்டும் பின்பற்றுவது வளரும் குழந்தையின் இடுப்பு மூட்டுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

அனைவரையும் ஒரே கோணத்தில் நிற்கச் செய்வதும் தவிர்க்கத்தக்கது. வரிசையில் எல்லாப் பாதங்களும் ஒரே கோட்டில் தெரிவது மேடைக்கு அழகு. அந்த அழகிற்காக இடுப்பு அனுமதிக்காத அளவைக் கேட்டால், விலையைக் கொடுப்பது முழங்கால். குறைந்த விரிவுடைய அரைமண்டியில் முழங்காலும் பாதமும் ஒரே திசை நோக்கி, முதுகு நிமிர்ந்திருந்தால், அங்கசுத்தம் கெடுவதில்லை.

தசையில் ஓரிரு நாள் இருக்கும் பொதுவான வலி பயிற்சியின் இயல்பான விளைவு. மூட்டுக்குள் குத்தும் வலி, இடுப்பின் முன்புறம் கிள்ளுவது போன்ற உணர்வு, முழங்கால் வீக்கம், கீழ்க்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தல், இரவில் எழுப்பும் வலி ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இவை தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி, எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுக வேண்டும். முன்பே முதுகுத் தண்டிலோ மூட்டிலோ குறை உள்ளவர்கள் மருத்துவ அறிவுரை பெற்ற பின்னரே இப்பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்.

சிற்றூர்களில் பயில்வோருக்கு

சென்னை போன்ற பெருநகரங்களில் நடனக் கலைஞர்களின் உடல்நலம் அறிந்த இயன்முறை மருத்துவர்களும், பிலாட்டீஸ் கூடங்களும் உள்ளன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும், சவகர் சிறுவர் மன்றங்களிலும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி போன்ற ஊர்களின் வீட்டு வகுப்புகளிலும் பயிலும் மாணவர்களுக்கு அவ்வசதி அரிது. வகுப்பு நடைபெறும் இடமும் பெரும்பாலும் சிமெண்டுத் தரை, ஓட்டுத் தரை, மொட்டை மாடி அல்லது கோயிலின் கல் மண்டபம். தளத்தை மாற்ற இயலாத இடத்தில் மூன்றாம் காலப் பயிற்சியின் நேரத்தைக் குறைத்து, அந்நேரத்தைத் தரைப் பயிற்சிக்குத் தரலாம். வேகத்தை நாள்தோறும் முழு வலுவுடன் தட்டித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கையால் தாளமிட்டும், சொற்கட்டைச் சொல்லியும், பாதத்தை இலேசாக வைத்தும் கற்கலாம்.

கருவிகளோ கட்டணமோ தேவைப்படாத பயிற்சி என்பதால், இவ்வசதிக் குறைவு தரைப் பயிற்சிக்குத் தடையாவதில்லை. ஒரு பாயும், ஒரு சுவரும், முழங்கால் எத்திசை நோக்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஆசிரியரோ உடன் பயில்பவரோ ஒருவரும் இருந்தால் போதும்.